இறகுத் தலையணி: பின்பக்கம் பார்த்துக் கட்டும் முறை

இறகுத் தலையணி ஒன்றை மேசைமேல் வைத்தால் பார்ப்பவர் கண் நிறத்துக்கும் உயரத்துக்கும் போகும். கட்டத் தெரிந்தவர் அதை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். காம்பு எதில் கட்டியிருக்கிறது, கயிறு எந்த வழியாக ஓடுகிறது, ஓர் இறகு ஒடிந்தால் அதை மட்டும் கழற்ற முடியுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வியன்னாவின் வெல்ட்மூசியம் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற மெக்சிகத் தலையணி 116 செ.மீ. உயரம் கொண்டது. பச்சைக் கெட்சால் பறவையின் நீண்ட இறகுகள் விசிறிபோல் விரிந்திருக்கும். அந்த விரிவைத் தாங்குவது பின்னால் இருக்கும் நார்வலையும் மெல்லிய மரக்குச்சிகளும்தான். பசையில் ஒட்டிய மலிவான மேடைத் தலையணிகள் இரண்டாவது நிகழ்ச்சியிலேயே உதிர்வதற்கும் காரணம் பின்பக்கமே.

இந்த வழிகாட்டி பல நாட்டுக் கட்டுமுறைகளிலிருந்து தொடங்கி, வான்கோழி இறகில் ஒரு விசிறித் தலையணியை முழுதாகக் கட்டி முடிப்பது வரை போகிறது.

நான்கு கட்டுமுறைகள்

அமேசான் காட்டு மக்களிடம் இருப்பது மிக எளியது. பருத்திக் கயிற்றின்மேல் மக்கா கிளியின் வால் இறகுக் காம்பை மடித்து, மடிப்பின் கீழே நூலால் இறுக்குவார்கள். காம்பு கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கயிற்றைச் சுருட்டினால் தலையணி முழுவதும் பாய்போல் சுருண்டுவிடும். எடுத்துச் செல்ல இதைவிட வசதியான அமைப்பு இல்லை.

வட அமெரிக்கச் சமவெளி மக்களின் கழுகு இறகுத் தலையணியில் ஒவ்வோர் இறகும் தனித்து நிற்கும். காம்பின் முனையில் ஒரு சிறு காது இருக்கும். தொப்பியில் போட்ட துளைகள் வழியாக ஒரு வார் உள்ளே வெளியே ஓடி அந்தக் காதுகளைக் கோக்கும். இறகின் நடுப்பகுதியில் இன்னொரு நூல் ஓடி, இடைவெளியைக் காக்கும். அணிந்தவர் நடந்தால் இறகுகள் தனித்தனியாக அசையும், ஆனால் கலையா. கட்டுமான அறிவு என்று பார்த்தால் இதுவே எல்லாவற்றிலும் நுட்பமானது. நாம் கட்டப்போவதும் இந்த முறையில்தான்.

ஆனால் அதன் தோற்றத்தை நகல் எடுக்க வேண்டாம். அந்தத் தலையணியில் ஒவ்வோர் இறகும் ஒரு செயலுக்காகச் சமூகம் கொடுத்த மதிப்பு. பொன்னிறக் கழுகின் வாலில் 12 இறகுகள்தான் உண்டு. முப்பது இறகு கொண்ட தலையணிக்கு மூன்று கழுகு வேண்டும். அமெரிக்காவில் வெண்தலைக் கழுகை 1940ஆம் ஆண்டுச் சட்டமும், பொன்னிறக் கழுகை 1962ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கின்றன. இறந்த கழுகுகளின் இறகுகள் கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியம் வழியாக, பதிவுபெற்ற பழங்குடியினருக்கு மட்டும், நீண்ட காத்திருப்புக்குப் பின் கிடைக்கின்றன. அதன் சாயலைப் பள்ளி மாறுவேடப் போட்டிக்குக் கட்டிவிடுவது சரியல்ல. முறையைக் கற்போம், வடிவத்தை நாமே அமைப்போம்.

ஹவாயின் மஹியோலே என்னும் தலைக்கவசம் வேறு வகை. இயேஇயே கொடியின் விழுதுகளைக் கூடைபோல் முடைந்து, நடுவில் சேவல் கொண்டைபோல் ஒரு முகடு எழுப்புவார்கள். அதன்மேல் ஒலோனா செடியின் நாரில் பின்னிய நெருக்கமான வலையைப் போர்த்துவார்கள். விரல்நுனி அளவே உள்ள இறகுகளைச் சிறு கொத்துகளாக்கி வலைக்கண்களில் கட்டுவார்கள். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போனால்தான் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் முடிச்சுகளை மறைக்கும். கூரை வேய்வதும் இப்படித்தானே. சிவப்பு இஇவி பறவையிலிருந்து வந்தது, மஞ்சள் ஓஓ, மாமோ பறவைகளிலிருந்து. 1779 ஜனவரி 26 அன்று அரசர் கலானியோபுஉ தம் கவசத்தையும் போர்வையையும் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்குக்கு அணிவித்தார். அவை 2016இல் நியூசிலாந்திலிருந்து ஹவாய்க்குத் திரும்பின. மாமோவும் ஹவாய் ஓஓவும் இன்று உலகில் இல்லை. காடழிப்பும் கொசு பரப்பிய பறவை மலேரியாவும் எஞ்சியவற்றையும் குறைத்துவிட்டன. இஇவி 2017 முதல் அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலுக்குள்ளான இனம். இன்றைய ஹவாய் இறகுக் கலைஞர்கள் சாயமேற்றிய வாத்தின இறகில் அதே கட்டைக் கட்டுகிறார்கள்.

நான்காவது, மெக்சிகத்தின் அமந்தேகா கைவினைஞர்களுடையது. 16ஆம் நூற்றாண்டில் சஹகூன் என்னும் ஸ்பானியப் பாதிரியார் பதிவுசெய்த விவரங்களின்படி அவர்கள் இரண்டு வழிகளில் வேலை செய்தார்கள்: நாரால் கட்டுவது, ஆர்க்கிட் கிழங்குப் பசையால் ஒட்டுவது. ஒட்டும்போது முதலில் சாயமேற்றிய மலிவான இறகுகளை மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் விலையுயர்ந்த இறகை ஓர் அடுக்கு மட்டும் வைத்தார்கள். அடிநிறம் மேல்நிறத்தைத் தூக்கிக் காட்டும். அரிய இறகும் குறைவாகச் செலவாகும். எந்த மேடை அலங்காரத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

எந்த இறகு, எங்கிருந்து

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் இறகு வணிகத்துக்கு இடம் தருவதில்லை. கிளி, மீன்கொத்தி, ஆந்தை, இருவாச்சி எதுவானாலும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். மயிற்பீலி விதிவிலக்கு: தானாக உதிர்ந்த பீலியை நாட்டுக்குள் வைத்திருக்கலாம், விற்கலாம், ஏற்றுமதி கூடாது. காவடிக்கும் மயிலாட்டத்துக்கும் பீலி கிடைப்பது இதனால்தான். ஆண்மயில் ஆண்டுக்கொரு முறை, இணைசேரும் காலம் முடிந்ததும் தோகையை உதிர்க்கும். உதிர்ந்த பீலியின் காம்புமுனை உலர்ந்து, சுத்தமாகக் கூம்பியிருக்கும். பிடுங்கிய பீலியின் முனையில் கருத்த சதையோ இரத்தக்கறையோ ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டதைத் தொடவே வேண்டாம்.

வடகிழக்கில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அருணாச்சலத்தின் நிஷி மக்கள் பிரம்புத் தொப்பியில் இருவாச்சியின் அலகைச் செருகுவார்கள். இப்போது பலர் கண்ணாடியிழையில் வார்த்த அலகைப் பயன்படுத்துகிறார்கள். நாகர் தலையணியில் வரும் இருவாச்சி வால் இறகு, வெள்ளையில் ஒரு கருப்புப் பட்டை கொண்டது. வெள்ளை வான்கோழி இறகில் அந்தப் பட்டையைத் தீட்டினால் மேடைத் தூரத்தில் வேறுபாடு தெரியாது. பட்டையை இழை ஓடும் திசையில் உலர்ந்த தூரிகையால் தீட்ட வேண்டும். வண்ணத்தில் நீர் அதிகமானால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாகிவிடும்.

நமக்குச் சிறந்தது வான்கோழியின் சிறகு இறகு. 25 முதல் 30 செ.மீ. நீளம், தடித்த காம்பு, விலையும் குறைவு. கிறிஸ்துமஸ் சமயத்தில் இறைச்சிக் கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். அடியை மறைக்கச் சேவலின் கழுத்து இறகும், வான்கோழியின் தூவியும் (பஞ்சுபோன்ற மெல்லிய சிறு இறகு) போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கருப்பு, பழுப்பு இறகுகள் வெள்ளையைவிட உறுதியானவை, ஏனென்றால் மெலனின் நிறமி இறகைக் கடினமாக்கும். வெள்ளை இறகின் நுனி முதலில் தேயும். மயில், மீன்கொத்தி ஆகியவற்றின் நீலம் நிறமியால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பாகத் தெரியும். எனவே அப்படிப்பட்ட இறகுகளின் பின்னால் இருண்ட துணி வைத்தால்தான் மேடையில் நிறம் எடுபடும்.

தேவையானவை

56 செ.மீ. தலைச்சுற்றளவுக்கு, காதிலிருந்து காதுவரை 30 செ.மீ. வளைவில் 25 இறகுகள் நிற்கும் தலையணிக்கான அளவு இது.

வான்கோழிச் சிறகு இறகு 24; இடச்சிறகில் 12, வலச்சிறகில் 12. நடுவுக்கு வாலின் மைய இறகு 1. ஒடிந்தால் மாற்ற மேலும் 6. தூவி 50. மெல்லிய தோல் வார் 25, ஒவ்வொன்றும் 6 மி.மீ. அகலம், 7 செ.மீ. நீளம். கம்பளித் துணித் துண்டு 25, ஒவ்வொன்றும் 4 செ.மீ. × 2.5 செ.மீ. நெற்றிப்பட்டைக்கு 5 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் கொண்ட கெட்டித் தோல் அல்லது இரண்டடுக்குக் கித்தான். கோக்க 3 மி.மீ. தோல் வார் ஒன்றரை மீட்டர். கட்டுவதற்குத் தடித்த பருத்தி நூல், அதில் தேய்க்கத் தேன்மெழுகு. வெள்ளைப் பசை, துளையூசி, உள்வரிக்குப் பருத்தித் துணி. எல்லாம் சேர்ந்து 300 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அரைமணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

இடச்சிறகு, வலச்சிறகு என்று பிரிப்பதை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. தோற்றம் கெடுவதற்கு இதுவே முதல் காரணம். சிறகு இறகில் தண்டின் ஒருபுறம் ஒடுங்கியும் மறுபுறம் அகன்றும் இருக்கும், உடலும் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். பளபளப்பான மேற்பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்து, வளைவின் திசைப்படி இரு குவியலாக்குங்கள். அடிப்பக்கத்தில் தண்டு நெடுக ஒரு பள்ளம் ஓடும். மேற்பக்கம் எது என்ற குழப்பம் வந்தால் அதைப் பாருங்கள்.

படி 1: சுத்தம்

கடையிலிருந்து வந்த இறகைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உதறாதீர்கள்; பறவை நோய்கள் தூசி வழியாகப் பரவும். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பேனும் பூச்சி முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த இறகின்மேல் ஈரம் படியும்.

பின்பு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மி.லி. ஷாம்பு கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். காம்பிலிருந்து நுனி நோக்கி மட்டும் தடவுங்கள். இரண்டு முறை அலசித் துண்டில் ஒற்றி எடுங்கள். நனைந்த இறகு குப்பைபோல் இருக்கும். பயந்து எறிந்துவிடாதீர்கள். முடி உலர்த்தியின் குளிர்காற்றில் காயவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீவுங்கள். இழைகளில் உள்ள நுண்கொக்கிகள் மீண்டும் ஒன்றையொன்று பற்றி, பரப்பு ஒட்டிக்கொள்ளும்.

சாயமிட வேண்டுமானால் இந்த நிலையில்தான். இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயம் பிடிக்கும், பருத்திச் சாயம் பிடிக்காது. 50 கிராம் இறகுக்கு 3 லிட்டர் நீர், 60 மி.லி. வினிகர், 2 கிராம் சாயம். 65 முதல் 70 டிகிரியில் அரைமணி நேரம். கொதிக்கவிட்டால் இழை சுருண்டு தண்டு நொறுங்கும். திட்டுத்திட்டாக வந்தால் எண்ணெய்ப்பசை போகவில்லை என்று பொருள். பறவை தன் இறகில் பூசிய எண்ணெய் அது. மறுபடி ஷாம்புவில் அலசிவிட்டுச் சாயமிடுங்கள்.

படி 2: நிமிர்த்தல்

வளைந்த இடத்தைக் கெட்டில் ஆவியில் ஐந்து முதல் ஏழு விநாடி காட்டி, வேண்டிய வடிவத்தில் பிடித்து அரை நிமிடம் ஆறவிடுங்கள். ஈரமும் சூடும் கெரட்டினை இளக்கும். ஆறும்போது புதிய வடிவத்தில் நிற்கும். இஸ்திரிப்பெட்டி வேண்டாம். உலர்ந்த சூட்டில் தண்டு வெடிக்கும். 25 இறகையும் மேசையில் வரிசையாக அடுக்கி, உயரமானவை நடுவிலும் குட்டையானவை ஓரத்திலும் வரும்படி பென்சிலால் எண்ணிடுங்கள். வளைவு இருபுறமும் நடுவை நோக்கி இருக்கட்டும்.

படி 3: காது

தோல் வாரைக் காம்புமுனையின் முன்னும் பின்னுமாக மடித்து, முனைக்குக் கீழே 6 மி.மீ. வளையம் நிற்கும்படி பிடியுங்கள். துளி பசை வைத்து, மெழுகிட்ட நூலால் பன்னிரண்டு சுற்று இறுக்குங்கள். மெழுகு நூலை வழுக்காமல் நிறுத்தும்.

தோல் இல்லாத பழைய முறையும் உண்டு. காம்பின் கீழ்முனையில் 2.5 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒரு நாக்கை உண்டாக்கி, அதை மேலே மடித்துக் காம்பின் உட்குழாயிலேயே செருகிவிடுவது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைக்காமல் மடித்தால் நாக்கு ஒடியும். எடை குறைவு என்பதால் பெரிய தலையணிக்கு இதுவே ஏற்றது, ஆனால் முதல் முறை செய்பவர் தோல் காதையே வைத்துக்கொள்ளலாம்.

வளையம் 6 மி.மீ.க்கு மேல் போனால் இறகு பக்கவாட்டில் திரும்பும். ஒளிப்படங்களில் சில இறகுகள் கத்திபோல் ஓரம் காட்டி நிற்பது இதனால்தான்.

பிறகு காம்பின் முன்புறம் இரண்டு தூவிகளை வைத்துக் கட்டி, அதன்மேல் கம்பளித் துண்டைச் சுற்றி மேலும் கீழும் நூலால் முடியுங்கள். கட்டுகள் மறையும், அடிப்பகுதியும் பூரிக்கும்.

படி 4: பட்டையில் கோத்தல்

நெற்றிப்பட்டையின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து இருபுறமும் 1.25 செ.மீ. இடைவெளியில் பன்னிரண்டு புள்ளிகள் வையுங்கள். 24 இடைவெளிகள், மொத்தம் 30 செ.மீ. ஒவ்வொரு புள்ளியிலும் 6 மி.மீ. தள்ளி இரண்டு துளை. வார் உள்ளிருந்து முதல் துளையில் வெளியே வந்து, காதில் நுழைந்து, இரண்டாம் துளையில் உள்ளே போக வேண்டும்.

நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கோத்து வாருங்கள். ஓர் ஓரத்தில் தொடங்கினால் சின்னச் சாய்வுகள் கூடிக்கூடி, மறுமுனைக்கு வரும்போது முழு விசிறியும் ஒருபக்கம் சரிந்திருக்கும். வாரைச் சற்று தளரவிடுங்கள். இறகைத் தொட்டால் அசைந்து திரும்பி நிற்க வேண்டும். விறைப்பாக இழுத்தால் நடக்கும் அதிர்வு முழுவதும் காம்பில் விழுந்து அங்கே ஒடியும்.

படி 5: நடுநூல்

இந்த வேலையின் உயிர் இது. அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு தண்டிலும் குறியிட்டு, 1 மி.மீ. ஊசியால் பக்கவாட்டில் துளையிடுங்கள். அந்த உயரத்தில் தண்டுக்குள் பஞ்சுபோன்ற சதை இருக்கும், ஊசி எளிதாக இறங்கும். மேலே போகப்போகத் தண்டு மெலிந்து பிளக்கும். துளையிடுமுன் அந்த இடத்தை ஈரத் துணியால் தொட்டால் பிளவு குறையும்.

நடு இறகில் நூலை நிலையாக முடிந்து, ஒவ்வோர் இறகிலும் ஒரு அரைமுடிச்சுப் போட்டுக்கொண்டே ஓரத்துக்குப் போங்கள். இங்கே இடைவெளி 2 செ.மீ. கீழே 1.25, மேலே 2: இந்த வேறுபாடுதான் விசிறியை விரிக்கிறது. இன்னும் விரிய வேண்டுமானால் 2.3 வரை போகலாம். அதற்குமேல் போனால் இறகுகளுக்கு நடுவே ஓட்டை தெரியும். அரைமுடிச்சு இல்லாமல் நூலை வெறுமனே ஓட்டினால் இறகுகள் நூலில் வழுக்கிக் கும்பலாகச் சேரும்.

பீலி சேர்ப்பதாக இருந்தால் இரண்டாவது வரிசையாகப் பின்னால் வையுங்கள். பீலித் தண்டு நீளமும் மென்மையும் கொண்டது, தன் எடையிலேயே தொங்கும். 35 செ.மீ.க்கு வெட்டி, தண்டின் பின்புறம் மெல்லிய மூங்கில் சீவலை மூன்று இடத்தில் நூலால் கட்டுங்கள்.

படி 6: தலையில் நிறுத்தல்

பட்டையின் உட்புறம் பருத்தித் துணியைப் பெரிய தையலாகப் போடுங்கள். வியர்வையை அதுவே வாங்கும், பிரித்துத் துவைக்கலாம். பின்னால் எலாஸ்டிக் வைக்காதீர்கள்; விசிறியின் எடை அதை இழுத்துக்கொண்டே போய், பட்டை நெற்றியிலிருந்து மேலேறும். நாடா வைத்துக் கட்டுங்கள். 35 செ.மீ.க்கு மேல் உயரமானால் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டைகள் சேர்த்துத் தொப்பிபோல் ஆக்குங்கள். அணிந்து குனிந்து, நிமிர்ந்து, இருபுறமும் திரும்பிப் பாருங்கள். முன்னால் கவிழ்ந்தால் பின்புற நாடாவின் முனைகளில் கனமான குஞ்சம் தைத்துச் சமன்செய்யலாம்.

வைப்பதும் பழுதுபார்ப்பதும்

கவிழ்த்த பானைமேல் நிமிர்த்தி வைத்து, பருத்தித் துணி மூடுங்கள். பிளாஸ்டிக் உறையில் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை வரும். வெயில் படும் சன்னலோரம் கூடாது; சாயம்தான் முதலில் வெளுக்கும். பாப்புவா நியூகினியின் உயர்நிலங்களில் சொர்க்கப் பறவை இறகுகளை மூங்கில் குழாய்களில் போட்டு வைப்பார்கள். தனி இறகுகளைச் சேமிக்க அதுவே நமக்கும் நல்ல வழி.

மாதம் ஒருமுறை உதறிப் பாருங்கள். அடியில் மணல்போன்ற துகளோ, தண்டின் ஓரம் கொறித்த தடமோ இருந்தால் அந்துப்பூச்சியின் புழு அல்லது கம்பள வண்டின் புழு வந்துவிட்டது. வேப்பிலையும் வசம்பும் உள்ளே புகுந்த புழுவைக் கொல்லாது. முழுத் தலையணியையும் பையில் மூடி மீண்டும் இரண்டு வார உறைபெட்டிதான். பழைய அருங்காட்சியகப் பொருளோ, தாத்தா காலத்துச் சேகரிப்போ கைக்கு வந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முன்பு பூச்சிக்கு ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசுவது வழக்கமாக இருந்தது.

தண்டு நடுவில் ஒடிந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒடிந்த இரு முனையையும் நேராக வெட்டி, 2 செ.மீ. நீள மூங்கில் சீவலை ஊசிபோல் மெலிதாக்கிப் பசை தொட்டு, பாதி கீழ்த்தண்டிலும் பாதி மேல்தண்டிலும் செருகுங்கள். வேட்டைப் பருந்து வளர்ப்பவர்கள் உயிருள்ள பறவைக்கே இப்படி இறகு பொருத்துவார்கள். காம்பே போய்விட்டால் பட்டையைத் திருப்பி, அந்த இடம் வரை வாரைத் தளர்த்தி, நடுநூலில் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்து, எடுத்துவைத்த ஆறில் ஒன்றைக் கோத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பக்கத்து இறகு அசையக்கூட அசையாது.